கடைத்தெருவிலிருந்து கொடிமலைக்கு நடந்தே போகலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: ஈப்போவிலிருந்து பினாங்கு வந்து ஜார்ஜ் டவுனில் இரண்டு நாள் தங்கப்போகிறீர்கள். ஒரு சனிக்கிழமை, மலை ரயிலில் ஏறாமல், தங்கும் இடத்திலிருந்தே நடந்து கொடிமலை (பினாங்கு ஹில்) உச்சியைத் தொட்டு அன்றே திரும்ப முடியுமா? அறுபத்தொரு வயது மாமனார் நானும் வருவேன் என்கிறார், அவரை அழைத்துப் போகலாமா?

போகலாம். தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மூச்சைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மலை ஏறும்போது யாரும் கெட்டுப்போவதில்லை. மூச்சு வாங்கினால் நிற்பார், நின்றால் மூச்சு திரும்பும். இறங்கும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும். அதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பதோடு அதற்குத் தொடர்பு உண்டு.

தாவரத் தோட்டம் வரை காரில் போய், அங்கே நிறுத்திவிட்டு ஏறுங்கள் என்றுதான் பலரும் உங்களுக்குச் சொல்வார்கள். டவுனிலிருந்து தோட்டம் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் சமதரை, அதை நடப்பது வீண் வேலை என்பது அவர்கள் எண்ணம். நான் அதற்கு நேர் எதிர். இந்த நடையில் பாதி சுவை அந்த ஏழு கிலோமீட்டரில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் முருகனின் வெள்ளி ரதம் போகும் திசையும் அதுதான்.

கடைத்தெருவிலிருந்து ஆரம்பியுங்கள். வரைபடத்தில் லெபு பாசார் என்று இருக்கும். நம்மவர்கள் வைத்த பெயர் கடைத்தெரு. அதைக் குறுக்கே வெட்டும் பினாங்குத் தெருவைப் பெரியவர்கள் கிட்டங்கித் தெரு என்பார்கள், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்ததால். அங்கே இருக்கும் கோயில் வீட்டிலிருந்துதான் வெள்ளி ரதம் புறப்படுகிறது. அந்த ரதம் 1894-இல் காரைக்குடியிலிருந்து வந்தது. இரண்டு தெரு தள்ளி, குயின் தெருவில், 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். 2017 முதல் முருகனின் வேலாயுதத்தைச் சுமந்து செல்லும் தங்க ரதம் அங்கிருந்து கிளம்புகிறது. ஒரே நாளில் ஒரே மலையடிவாரத்தை நோக்கி இரண்டு ரதங்கள். ஏன் இரண்டு என்று கேட்டால் பினாங்குக்காரர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் அதற்குள் போகவில்லை.

காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இது நள்ளிரவு போலத் தோன்றும், ஏனென்றால் இங்கே விடிய ஏழு மணிக்கு மேல் ஆகிவிடும். 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தினார்கள். சூரியன் மட்டும் பழைய நேரப்படியே வருகிறது. நடப்பவருக்கு இதில் லாபம்தான். இருட்டிலேயே சமதரையை முடித்துவிட்டு, வெளிச்சம் வரும்போது மலையடியில் நிற்கலாம். அந்த நேரத்தில் திறந்திருக்கும் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவகம்) பரோட்டா போன்ற ஒரு ரோட்டி சானாயும், ஆற்றிய பால் தேநீரான தே தாரிக்கும் போதும். நாசி கண்டார் வேண்டாம். கறிக்குழம்பு கலந்து ஒரு தட்டு சோற்றை இறக்கிவிட்டு மலை ஏறியவனை நான் பார்த்திருக்கிறேன். அவன் நான்தான்.

மெகசின் சாலை, டத்தோ கிராமட் சாலை, பொது மருத்துவமனைப் பக்கம் திரும்பி உத்தாமா சாலை. இந்தச் சாலைகளைச் சாதாரண நாளில் நடந்தால்தான் தைப்பூசத்தின் அளவு புரியும். காலையில் மாடுகள் இழுக்கக் கிளம்பும் வெள்ளி ரதம் செட்டியார் கோயிலைச் சேர இரவாகிவிடும். நீங்கள் ஒன்றரை மணி நேரத்தில் நடக்கும் தூரம் அது. ஒவ்வொரு முனையிலும் நிறுத்தி அர்ச்சனை, ரதத்துக்கு முன்னால் சாலை வெள்ளையாகும் அளவுக்குத் தேங்காய். உடைப்பவர்களில் கணிசமானோர் சீனர்கள். நேர்த்தி வைத்து, குவியல் குவியலாக இறக்கி, சட்டையெல்லாம் இளநீராக உடைப்பார்கள். உங்களுக்குக் கிடைக்கப்போவது தெருவிளக்கும், ஓடிப் பழகுகிற ஓரிரு ஆட்களும், உத்தாமா சாலையின் பெரிய மழை மரங்களும். நடைபாதை சில இடங்களில் திடீரென்று காணாமல் போகும். கைவிளக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், முன்னே பார்ப்பதற்கு அல்ல, வரும் வண்டி உங்களைப் பார்ப்பதற்கு.

உத்தாமா சாலை முடிந்து கெபுன் பூங்கா சாலைக்குள் நுழைந்ததும் காற்று மாறும். இடப்பக்கம் மலை கறுப்பாக நிற்கும். நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் வரும், அதைத் தாண்டினால் தண்ணீர்மலை. மேலே தெரிவது 2012-இல் குடமுழுக்குக் கண்ட பாலதண்டாயுதபாணி கோயில். படிகள் 513. மாமனார் ஏறித்தான் ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார், பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வேண்டாம், அடுத்த நாள் காலையில் தனியாக வந்து ஏறலாம் என்று சமாதானம் சொல்லுங்கள். கீழே நின்று ஒரு கும்பிடு போட்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான், மேலேயும் அவன் ஒரு கோயில் வைத்திருக்கிறான்.

தண்ணீர்மலை என்ற பெயர் சும்மா வந்ததில்லை. தாவரத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் அருவிதான் ஜார்ஜ் டவுனுக்கு நெடுங்காலம் குடிநீர் தந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கிருந்து டவுனுக்குக் கால்வாய் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களும் அந்தத் தண்ணீரைத்தான் நிரப்பிக்கொண்டு போயின. நம் முருகன் வழிபாடும் முதலில் அருவிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. குடிநீர்த் தேக்கம் வந்த பிறகு கோயில் மலைமேல் இடம் மாறியது. கப்பல்காரன், டவுன்காரன், பக்தன் எல்லோரும் ஒரே தண்ணீரைத் தேடி நடந்த வழியில்தான் நீங்களும் நடந்து வந்திருக்கிறீர்கள். காரில் வந்து இறங்கியவருக்கு அது ஒரு வண்டி நிறுத்துமிடம், அவ்வளவுதான்.

தாவரத் தோட்டம் 1884-இல் உருவானது. சார்லஸ் கர்டிஸ் என்ற ஆங்கிலேயர் முதல் கண்காணிப்பாளராக இருந்து, பழைய கல்லுடைப்புக் குழியைச் சுற்றி அதை வளர்த்தார். வாசலை ஒட்டி நாகலிங்க மரங்கள் இருக்கின்றன. கீழே விழுந்து கிடக்கும் பூவில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சதைப்பற்றுள்ள இதழ்கள், நடுவில் சிறு லிங்கம், அதன்மேல் குடை பிடித்ததுபோல் வளைந்த மகரந்தத் தண்டு. கையில் ஒரு நிமிடம் வைத்திருந்தால் விரலெல்லாம் மணக்கும். மரத்தின் அடியிலேயே பீரங்கிக் குண்டு அளவில் காய்கள் தொங்கும். அதற்கு நேர்கீழே நின்று புகைப்படம் எடுக்காதீர்கள், விழுந்தால் தலை தாங்காது. கழிப்பறைக்குப் போவது, தண்ணீர் நிரப்புவது எல்லாம் இங்கேயே முடித்துவிடுங்கள்.

குரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வகை உண்டு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும் வெள்ளை வாயுமாக, மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார்போல் மரத்தில் உட்கார்ந்து இலை தின்பவை லங்கூர்கள். அவை உங்களைப் பொருட்படுத்தாது. தரையில் கூட்டமாக வருபவை நீள்வால் குரங்குகள். அவற்றுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சோறு. பை காலியா நிரம்பியதா என்று பார்க்காது, பறித்த பிறகுதான் சோதிக்கும். கையில் எதையும் தொங்கவிடாதீர்கள், உணவும் கொடுக்காதீர்கள், அது தண்டனைக்குரியதும்கூட.

இனி மலை. இரண்டு வழி இருக்கிறது. தோட்ட வாசலிலிருந்து தொடங்கும் ஜீப் பாதை முழுக்கத் தார் போட்டது, சுமார் ஐந்து கிலோமீட்டர். அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் எப்போதாவது வரும். தோட்டத்துக்குச் சற்று முன்னால் சாலையோரத்தில் வட்ட வடிவச் சீன வாசல் ஒன்று நிற்கும், அதை மூன் கேட் என்பார்கள். அங்கிருந்து காட்டுப்பாதை. படிகள், வேர்கள், பாறைகள், மேலே முழுக்க நிழல். மழை பெய்த மறுநாள் அட்டையும் இருக்கும். இந்த இரண்டும் நடுவழியில், '84' என்று எல்லோரும் சொல்லும் ஓய்விடத்தில் சேர்ந்துகொள்ளும்.

ஏறுவதற்கு மூன் கேட் வழியைத்தான் சொல்வேன். ஜீப் பாதை பார்க்க எளிதாக இருக்கும், கால் வைத்தால் தெரியும். ஐந்து கிலோமீட்டரில் ஏறக்குறைய 650 மீட்டர் உயரம். சராசரியே இப்படி என்றால் சில வளைவுகளில் பாதை உங்கள் முகத்துக்கு நேரே எழுந்து நிற்பதுபோல் இருக்கும். தாரில் ஒவ்வொரு அடியும் ஒரே கோணத்தில் விழுவதால் கெண்டைக்கால் ஒரே இடத்தில் இழுபட்டு வலிக்கும். காட்டுப்பாதையில் ஒரு படி உயரம், ஒரு படி தாழ்வு, நடுவில் நாலு எட்டு சமதரை என்று வருவதால் வேலை பல தசைகளுக்குப் பங்கு போகிறது. முந்தைய இரவு பலத்த மழை என்றால் மட்டும் ஜீப் பாதையிலேயே ஏறுங்கள். இந்த மலை கருங்கல் மலை, மேலே இருப்பது கல் மக்கி உண்டான இளகிய மண். ஊறினால் சரியும். 2017 நவம்பர் புயல்மழையில் மலையெங்கும் மண் சரிந்து பாதைகள் பிய்ந்துபோனதை இங்கே யாரும் மறக்கவில்லை.

84-இல் கட்டாயம் உட்காருங்கள். கூரை, பெஞ்சு, கொதிநீர், தேநீர். தன்னார்வலர்கள் நடத்துவது. விலை கேட்டு யாரும் நிற்க மாட்டார்கள், டப்பாவில் உங்களால் முடிந்ததைப் போடலாம். அங்கே வருபவர்களில் பாதிப்பேர் உங்கள் மாமனாரைவிட மூத்தவர்கள். ஒருமுறை நான் நாக்குத் தள்ளி வந்து சேர்ந்தபோது, எழுபதைத் தாண்டிய சீனத் தாத்தா ஒருவர் வெள்ளை பனியனும் தோளில் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். வாரத்தில் மூன்று நாள் வருவாராம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு குவளையில் பாலில்லாத தேநீர் ஊற்றி நீட்டி, "பெலான் பெலான்" என்றார், மலாயில் மெதுவாக, மெதுவாக என்று. பிறகு அவர் எழுந்து மேலே போன வேகத்தைப் பார்த்துத்தான் எனக்கு மெதுவாக என்பதன் பொருள் விளங்கியது. நின்று நின்று ஓடுவது அல்ல, நிற்காமல் நடக்க முடிகிற அளவுக்கு அடியைச் சுருக்கிக்கொள்வது. பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்று பாருங்கள். மாமனார் பேச்சை நிறுத்திவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

84-க்கு மேல் எல்லோருக்கும் ஜீப் பாதைதான். செங்குத்தான பகுதிகள் இங்கே இருக்கின்றன. ஆனால் உயரம் கூடக் கூடக் காற்று குளிர்ந்துவிடும், டவுனைவிட ஐந்து டிகிரியாவது குறையும். பத்து மணி சுமாருக்கு முதல் பங்களாக்களின் வேலி தெரியும். மாமனார் மெதுவாக வந்தால் பத்தரை. மேலே போய் நீங்கள் தேடவேண்டியது ஒற்றைச் சிகரம் அல்ல. கொடிமலை என்பது பல குன்றுகளின் கூட்டம். ரயில் நிலையமும் கடைகளும் இருக்கும் கொடிமேட்டுக் குன்று 735 மீட்டர், அதற்கப்பால் இருக்கும் மேற்கு மலை 833 மீட்டர். டவுனிலிருந்து நடந்து வந்தவர் கொடிமேட்டில் நின்று கடலைப் பார்த்தாலே போதும். துறைமுகத்துக்கு வரும் கப்பலை இங்கிருந்து பார்த்துக் கொடி ஏற்றி டவுனுக்குச் சேதி சொன்னதால்தான் இது கொடிமலை. அதிகாலை இருட்டில் நீங்கள் கிளம்பிய தெரு, கீழே கடலோர முனையில், கட்டைவிரலால் மறைத்துவிடும் அளவில் தெரியும்.

பிரிட்டிஷார் 1786-இல் தீவைக் கைப்பற்றிய இரண்டே ஆண்டில், பிரான்சிஸ் லைட் ஸ்ட்ராபெரி பயிரிட ஆசைப்பட்டு மேலே பாதை வெட்டினார். வெப்பத்துக்குப் பயந்த துரைமார்கள் அதன்பிறகு குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். டோலி என்ற சொல்லே நம் பக்கத்திலிருந்து போனது, தூக்கியது யார் தோள் என்பது வேறு கதை. மலை ரயில் 1923 அக்டோபரில் ஓடத் தொடங்கி, 1924 ஜனவரி 1 அன்று முறைப்படி திறக்கப்பட்டது. 2010 வரை நடு நிலையத்தில் இறங்கி வண்டி மாறவேண்டும், மேலே போய்ச்சேர அரை மணி ஆகும். சின்ன வயதில் எங்களுக்கு அந்த வண்டி மாறும் இடம்தான் திருவிழா. 2011-இல் வந்த புதிய வண்டி ஒரே மூச்சில் சில நிமிடங்களில் ஏற்றிவிடுகிறது. நல்ல வண்டிதான், ஆனால் காட்டைப் பார்க்க நேரம் தருவதில்லை.

மேலே திருமுருகன் ஆலயமும் அதன் பக்கத்திலேயே பள்ளிவாசலும் இருக்கின்றன. தண்ணீர்மலையில் ஏறாததற்கு மாமனார் அங்கே கணக்கைத் தீர்த்துக்கொள்ளட்டும். சாப்பிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். பினாங்கில் இடி மழைக்குப் பிற்பகல் பிடித்த நேரம். செப்டம்பர், அக்டோபரில் அது ஏறக்குறைய தினசரி வழக்கம். ஜனவரி, பிப்ரவரிதான் வறண்ட மாதங்கள்.

இப்போது முழங்காலுக்கு வருகிறேன். தோட்டத்தில் காரை நிறுத்திவிட்டு வந்தவர் என்ன செய்வார்? கார் அங்கே இருக்கிறது, அதனால் வந்த ஜீப் பாதையிலேயே ஐந்து கிலோமீட்டர் தாரில் இறங்குவார். ரயிலில் இறங்கலாமே என்றால், ரயில் அவரை மலையின் வேறொரு பக்கத்தில், ஆயர் ஈத்தாமில் கொண்டுபோய் விடும். நடந்து வந்த உங்களுக்குக் கார் இல்லை, எந்தப் பக்கமும் இறங்கலாம். டவுனிலிருந்தே நடந்து வாருங்கள் என்று நான் அடம்பிடிப்பதற்கு ரதமும் அருவியும் பாதிக் காரணம், மீதிப் பாதி இது.

இறக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை என் கால் கட்டைவிரல் சொல்லும். சில வருடங்களுக்கு முன் புதுக் காலணி போட்டுக்கொண்டு ஜீப் பாதையில் இறங்கினேன். ஏறும்போது அது மெத்தைபோல் இருந்தது. இறங்கும்போது ஒவ்வொரு எட்டிலும் பாதம் உள்ளே வழுக்கிப் போய், கட்டைவிரல் நகம் காலணியின் மூக்கில் இடித்தது. வலி பெரிதாக இல்லை, அதனால் நிற்கவில்லை. ஐந்து கிலோமீட்டரில் அந்த நகம் எத்தனை ஆயிரம் முறை இடிபட்டிருக்கும் என்று பிறகுதான் கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றியபோது நகம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. இரண்டு மாதத்தில் விழுந்தது. தொடையின் முன்தசை வேறு மூன்று நாள் படி இறங்கவிடவில்லை. ஏற்றத்தில் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறக்கத்தில் அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. அதுதான் மறுநாள் வலியாக வருகிறது, முழங்கால் மூட்டும் கூடுதல் பாரம் சுமக்கிறது.

ஆகவே மாமனார் ரயிலில் இறங்கட்டும். ஒருவழி டிக்கெட் மேல் நிலையத்தில் கிடைக்கும். சனி ஞாயிறு என்றால் வரிசை இருக்கும், அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நடந்தே இறங்க ஆசை என்றால், ரயில் பாதையை ஒட்டி ஆயர் ஈத்தாம் பக்கம் இறங்கும் பழைய பாதையைக் கேளுங்கள். பழைய சிறு நிலையங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது, நிழலும் உண்டு. காலணி நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள், விரல் பக்கம் தளர்த்துங்கள். செங்குத்தான இடத்தில் நேராக இறங்காமல் பக்கவாட்டில் வளைந்து வளைந்து இறங்குங்கள். ஒரு கம்பு இருந்தால் நல்லது.

கீழ் நிலையத்தில் இருவரும் சந்தித்துக்கொள்ளலாம். வாசலிலேயே 204 பஸ் வரும், ஆயர் ஈத்தாம், கொம்தார் வழியாகப் படகுத்துறைக்கே போகிறது. ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் இறங்கி ஒரு கிண்ணம் அசாம் லக்சா (புளிப்பான மீன் குழம்பில் நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ் பிடித்தாலும் இருட்டுவதற்குள் கடைத்தெரு வந்துவிடும். அந்தப் புளிப்புக்கு மலை ஏறி இறங்கிய வயிறுதான் சரியான வயிறு.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், மாற்றுச் சட்டை ஒன்று, மழைக்கோட்டு, அட்டைக்குக் கொஞ்சம் உப்பு. இவ்வளவு போதும். மாமனாருக்கு இன்னும் ஒன்று சொல்லுங்கள்: கால் நகங்களை முன்கூட்டியே ஒட்ட வெட்டிக்கொள்ளட்டும். நீங்கள் நடப்பது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது என்பவராக இருந்தால் வியாழனே வெட்டிவிடச் சொல்லுங்கள்.